முப்பத்தெட்டு மைக்ரான்

பவுலின் இரண்டு வருஷமாக ஒரே கல்லைத்தான் கரைத்துக்கொண்டிருந்தாள். அத்திபெலே தொழிற்பேட்டையில், தாதுக்களைச் சோதித்துச் சொல்லும் ஒரு தனியார் ஆய்வகத்தில் அவள் மூத்த வேதியியலாளர். வயது நாற்பத்து மூன்று. ஜீவனஹள்ளியிலிருந்து தினமும் காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி வேனைப் பிடித்தால்தான் எட்டரைக்குள் மேஜைக்கு வர முடியும். வேனில் பாதி வழி தூங்குவாள், மீதி வழி கல்லைப் பற்றி யோசிப்பாள்.

வடக்கே ஒரு சுரங்கக் கம்பெனி அனுப்பும் துத்தநாகக் கல் அது. துத்தநாகமும் கந்தகமும் ஒன்றையொன்று விடாமல் கட்டிக்கொண்டிருக்கும் கரும்பழுப்புக் கல். அதைப் பொடித்துச் சூடான கந்தக அமிலத்தில் போட்டால் துத்தநாகம் கரைந்து நீருக்குள் வந்துவிடும். ஆனால் அதற்கு ஆகும் நேரம்தான் தலைவலி. ஆறு மணி நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கரைந்தாக வேண்டும் என்று சுரங்கக்காரர்கள் கேட்டார்கள். முதல் வருஷம் முழுக்க பவுலினால் அறுபதைத் தாண்ட முடியவில்லை.

அமிலத்தைக் கூட்டிப் பார்த்தாள். கொஞ்சம் ஏறியது, நின்றது. கலக்கியின் வேகத்தைக் கூட்டினாள். அடியில் படியாமல் சுற்றும் அளவுக்குக் கலக்கினால் போதும், அதற்கு மேல் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கல் அசரவில்லை. சூட்டைக் கூட்டியபோதுதான் நல்ல மாற்றம் தெரிந்தது. ஆனால் அதுவும் முதல் இரண்டு மணி நேரத்துக்குத்தான். கரையக் கரைய, மிச்சமான கந்தகம் ஒவ்வொரு துகள் மேலும் பாலாடை போல் படிந்து, அமிலம் உள்ளே போகும் வழியை அடைத்துவிடும்.

அந்தக் கந்தகம் படிவதும் ஒரு வகையில் நல்லதுதான். தொட்டியில் முதலில் ஃபெரிக் சல்பேட் என்ற இரும்பு உப்பைக் கரைத்துவிடுவார்கள். அந்த உப்பு இருக்கும்வரை கந்தகம் மஞ்சள் பொடியாகத் தொட்டிக்குள்ளேயே தங்கிவிடும். உப்பில்லாமல் வெறும் அமிலத்தில் கல்லைப் போட்டால் அதே கந்தகம் விஷவாயுவாக மேலே வரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு. மூடிய இடத்தில் அது கொஞ்சம் அதிகமாகச் சேர்ந்தாலே ஆளைக் கீழே தள்ளிவிடும்.

ஆய்வகத்துக்குப் பின்னால், வளாகத்தின் கடைசியில் தகரக் கூரை போட்ட ஷெட் ஒன்று இருந்தது. கண்ணாடிக் குடுவையில் பவுலின் செய்வதை அங்கே ஐந்நூறு லிட்டர் தொட்டியில் செய்து பார்ப்பார்கள். அந்தத் தொட்டியை ஓட்டியவர் உத்தமன். பாலக்கோட்டுக்காரர், வயது முப்பத்தொன்பது. மனைவி ஜெயலட்சுமியும் பள்ளிக்குப் போகும் மகள் தாரணியும் ஆனேக்கல்லில் வாடகை வீட்டில் இருந்தார்கள். உத்தமன் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் தொட்டி கொதிக்கும் சத்தத்தை வைத்தே சூடு எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவார். வெப்பமானியில் பார்த்தால் இரண்டு டிகிரிக்கு மேல் தப்பாது.

இரண்டாம் வருஷத்தின் நடுவில் ஒரு மத்தியானம், சோதனை மறுபடியும் அறுபத்தொன்றில் நின்றபோது, உத்தமன் கல் பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக் காட்டினார்.

"மேடம், தொட்டுப் பாருங்க. நறநறன்னு இருக்குது. இதையே மூஞ்சிக்குப் போடற பவுடர் மாதிரி அரைச்சா?"

"அரைக்கற செலவு ஏறும்னு டைரக்டர் வேணாம்னுட்டார், உத்தமன்."

"ஒரே ஒரு தடவை. நான் நின்னு அரைச்சுத் தரேன்."

அதுவரை அவர்கள் பயன்படுத்திய பொடி எழுபத்தைந்து மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன் அளவுத் துகள். உத்தமன் மில்லை ஐந்து மணி நேரம் ஓட்டி முப்பத்தெட்டு மைக்ரானுக்குக் கொண்டுவந்தார். ஒரு கல்லைப் பாதி அளவுக்கு உடைத்தால் அமிலம் தொடும் பரப்பு இரண்டு மடங்காகும் என்பது பவுலின் கல்லூரியில் படித்ததுதான். ஆனால் இந்தக் கல்லில் அது எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குத் தெரியாது. கந்தகப் படலம் மூடுவதற்குள் துகள் முக்கால்வாசி கரைந்துபோயிருந்தது. ஆறு மணி நேரத்தில் தொண்ணூற்று மூன்று.

அந்த எண்ணைப் பார்த்ததும் பவுலின் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எழவேயில்லை. அறிக்கையில் உத்தமன் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று டைரக்டர் சீனிவாசராகவனிடம் சொன்னாள். ஆபரேட்டர் பெயரெல்லாம் போடும் வழக்கம் இல்லை என்றார் அவர். அவளும் விட்டுவிட்டாள்.

ஜனவரியில் சுரங்கக் கம்பெனி ஆட்கள் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வருவார்கள், தொட்டி அவர்கள் கண்ணெதிரே ஓட வேண்டும். செவ்வாய்க்கிழமை பார்த்தால் ஃபெரிக் சல்பேட் தீர்ந்துபோயிருந்தது. வழக்கமாகத் தருகிறவர் கையில் சரக்கு இல்லை என்று புதிதாக ஒருவரிடம் வாங்கினார்கள். புதன் சாயங்காலம் டிரம் வந்து இறங்கியது. எந்த ரசாயனம் வந்தாலும் அதில் ஒரு பிடி எடுத்துச் சின்ன பாட்டிலில் போட்டு பவுலினிடம் தருவார்கள். அவள் சோதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டிரம்மைத் திறக்கலாம். அன்றைக்கும் ஸ்டோரிலிருந்து பாட்டில் அவள் மேஜைக்கு வந்தது. வேன் கிளம்பும் நேரம்.

"டெஸ்ட் எல்லாம் வெள்ளிக்கிழமை பண்ணிக்கலாம், பவுலின்," என்றார் சீனிவாசராகவன். "டெமோ முடியட்டும். லேபிள்ல சரியாத்தானே போட்டிருக்கான்?"

லேபிளில் சரியாகத்தான் போட்டிருந்தது. அவள் பாட்டிலை மேஜை இழுப்பறைக்குள் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேனுக்கு ஓடினாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பத்திரண்டுக்கு அவள் போன் அடித்தது. சீனிவாசராகவனின் அறையில், விருந்தாளிகளுக்குக் காட்ட வேண்டிய படங்களை அவர் சொல்லச் சொல்லத் திருத்திக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் நின்றுகொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், உப்பு கரைச்சிட்டேன்," என்றார் உத்தமன். "ஆனா எப்பவும் காவித்தண்ணி மாதிரி செவப்பா வரும் இல்ல? இன்னைக்கி வெளிறிப்போன பச்சையா இருக்குது. நீங்க ஒரு நிமிஷம் வந்து பாக்கறீங்களா?"

"டிரம்ல என்ன எழுதியிருக்கு?"

"ஃபெரிக் சல்பேட்டுன்னுதான் போட்டிருக்கு."

"அப்ப அதேதான். சூடு ஏறட்டும், கலர் வந்துடும். நீங்க போட்டுடுங்க."

"ஆசிட்டும் ஆரம்பிச்சிடட்டுமா?"

"ம். பதினோரு மணிக்கு அவங்க வரும்போது ஓடிட்டிருக்கணும்."

"சரிங்க மேடம்."

முப்பது வினாடிகூடப் பேசவில்லை. திரையில் இருந்த வரைபடத்தில் தொண்ணூற்று மூன்று என்ற எண்ணைச் சிவப்பில் போடலாமா நீலத்தில் போடலாமா என்று சீனிவாசராகவன் கேட்டார். நீலம் என்றாள்.

பத்தரை மணி தாண்டி, தொட்டி சூடேறி அமிலம் ஓட ஆரம்பிக்கும் நேரத்துக்கு, வெளியே யாரோ கத்தினார்கள். லாயிட் என்ற டெக்னீஷியனின் குரல். ஷெட்டுக்கு எதிரே பைப் பொருத்திக்கொண்டிருந்தவன். பவுலின் ஓடிப்போய்ப் பார்த்தபோது உத்தமன் ஷெட் வாசலுக்கு வெளியே மண்ணில் கிடந்தார். லாயிட் ஈரத்துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கி உள்ளே போய் அவர் காலைப் பிடித்து இழுத்துப் போட்டிருந்தான். அவனே சற்றுத் தள்ளி முழங்காலில் நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். நாற்றம் வளாகம் முழுக்கப் பரவியிருந்தது. பவுலினுக்கு அது என்ன நாற்றம் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் உத்தமனின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பத்து நிமிஷத்துக்கு மேல் முயற்சி செய்யவில்லை.

லாயிட்டை ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அவன் பவுலினிடம் சொன்னதை அவளால் அதற்குப் பிறகு எந்த நாளும் மறக்க முடியவில்லை.

"அண்ணன் முதல்ல வெளிய வந்துட்டாரு மேடம். மூக்கைப் பொத்திக்கிட்டு, 'நாறுதுடா, ஏதோ தப்பா இருக்கு'ன்னாரு. வாசல்லயே நின்னாரு. அப்புறம் கையை எடுத்து மோந்து பாத்துட்டு, 'போயிடுச்சு, இப்ப வாசனை இல்ல, ஆசிட் வால்வை மூடிட்டு வந்துடறேன்'னு உள்ள போனாரு. அவ்ளோதான்."

அந்த வாயு அதிகமாகும்போது முதலில் மூக்கின் உணர்வைச் சாகடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று ஆள் நினைக்கும் நேரம்தான் ஆபத்து முற்றிய நேரம். பவுலினுக்கு இது தெரியும். உத்தமனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சுவரில் இருக்க வேண்டிய வாயு எச்சரிக்கைக் கருவி மூன்று வாரத்துக்கு முன் சரிபார்க்க அனுப்பப்பட்டுத் திரும்பி வரவில்லை. வெறும் ஆணிதான் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலமே அவள் தன் மேஜை இழுப்பறையிலிருந்து அந்தப் பழுப்புக் கண்ணாடி பாட்டிலை எடுத்துத் திறந்தாள். வெளிர் பச்சைப் பொடி. ஃபெரிக் சல்பேட் மங்கிய மஞ்சளாக இருக்கும். இது ஃபெரஸ் சல்பேட், பெயரில் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும் இன்னொரு இரும்பு உப்பு. கந்தகத்தைத் தொட்டிக்குள் பிடித்து வைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. பொடியைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, சோதனைத் திரவம் இரண்டு சொட்டு விட்டாள். ஃபெரிக் என்றால் ரத்தச் சிவப்பாக மாறியிருக்கும். லேசாக ரோஜா நிறம் வந்ததோடு சரி.

புதன்கிழமை சாயங்காலம் இதைச் செய்ய ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

பாலக்கோட்டில் அடக்கம் நடந்தது. கம்பெனியிலிருந்து ஒரு பஸ் போயிற்று. ஜெயலட்சுமி அழவில்லை. யார் வந்து கையைப் பிடித்தாலும் "எப்படிங்க ஆச்சு?" என்று மட்டும் கேட்டாள். பவுலின் கையையும் பிடித்துக் கேட்டாள். பவுலின் வாய் திறக்கவில்லை.

மறு திங்கட்கிழமை சீனிவாசராகவன் அவளைக் கூப்பிட்டு அறைக் கதவைச் சாத்தினார். அவருக்கும் நான்கு நாளில் முகம் இருண்டுபோயிருந்தது. கொடுமைக்கார மனிதர் அல்ல அவர். உத்தமன் மகளின் படிப்பைப் பார்த்துக்கொள்வதாக அடக்கத்தின்போதே சொல்லியிருந்தார்.

"ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் புதன்கிழமை வராங்க. டெக்னிகல் ரிப்போர்ட் நீங்கதான் எழுதணும். ஆபரேட்டர் மாஸ்க் போடலை. அதை எழுதுங்க. அது பொய் இல்லையே?"

"பொய் இல்லை சார். ஆனா ஷெட்டுல குடுத்திருந்த மாஸ்க் இந்த கேஸைத் தடுக்காது. அது ஆசிட் புகைக்கு."

"அதெல்லாம் கேட்டா சொல்லுங்க. சப்ளையர் தப்பா அனுப்பினான், அதையும் எழுதுங்க. ஆனா டெஸ்ட் பண்ணாம கையெழுத்துப் போட்டது, போன் கால், அரைச்சு நைஸா ஆக்கினது, இதெல்லாம் எதுக்கு? யாருக்கு என்ன லாபம்? உங்களைத்தான் முதல்ல பிடிப்பாங்க பவுலின். அப்புறம் என்னை. அப்புறம் இழுத்து மூடிடுவாங்க. நாற்பது குடும்பம் இருக்கு இங்க."

அவள் எழுந்து வந்தாள். அரைத்து நைஸாக்கியது என்று அவர் சொன்ன வார்த்தை மட்டும் மண்டைக்குள் நின்றது. அதுவரை உப்பைப் பற்றியும் போனைப் பற்றியும்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பொடியைப் பற்றி நினைக்கவில்லை.

வீட்டில் கணவன் தியோடரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் அவர். முழுவதும் கேட்டுவிட்டு, "பவுலி, நீ வேணும்னு செய்யல," என்றார்.

"தெரியும்."

"சாமியாரைப் பாத்துப் பாவசங்கீர்த்தனம் பண்ணிடு. மனசு லேசாகும்."

அந்த வார ஞாயிறு பூசைக்குப் போனபோது, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லக் காத்திருப்பவர்களின் வரிசையில் அவள் நின்றாள். முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது விலகி வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே போய்ச் சொன்னால் மன்னிப்புக் கிடைத்துவிடும். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆனால் அந்த ஞாயிறுக்கு முன்பே, சீனிவாசராகவன் பேசிய மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, அவள் லாயிட்டைக் கூப்பிட்டாள். "நான் ஒரு சோதனை பண்ணப் போறேன். நீங்க கதவுக்கு வெளிய நின்னு கண்ணாடி வழியா என்னையே பாத்துட்டு இருங்க. நான் தள்ளாடினா சத்தம் போட்டு ஆளுங்களைக் கூப்பிடுங்க. உள்ள வராதீங்க."

"எதுக்கு மேடம் இதெல்லாம்?"

"உத்தமனுக்கு எவ்வளவு நேரம் இருந்ததுன்னு தெரியணும்."

லாயிட் போய்க் கதவுக்கு வெளியே நின்றுகொண்டான்.

புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு குடுவைகளை வைத்தாள். இரண்டிலும் அதே பச்சை உப்பு, அதே அமிலம், எண்பத்தைந்து டிகிரி. ஒன்றில் பழைய எழுபத்தைந்து மைக்ரான் பொடி. மற்றதில் தொட்டியில் போட்ட அதே முப்பத்தெட்டு. கல்லும் கடைசியாக வந்த லோடுதான். அதில் இரும்பு கொஞ்சம் அதிகம், நிறமும் கறுப்பு. இரும்பு கலந்த கல் சீக்கிரம் இளகும் என்று அவளே தன் டிசம்பர் அறிக்கையில் பாராட்டி எழுதியிருந்தாள். வாயு பட்டால் கறுக்கும் காகிதத் துண்டுகளைக் குடுவைகளின் வாயில் கட்டினாள். கையில் கடிகாரம்.

பெரிய பொடி போட்ட குடுவையில் மூன்றாவது நிமிஷம் காகிதத்தின் ஓரம் பழுப்பானது. முழுவதும் கறுக்க ஒன்பது நிமிஷம் ஆனது.

நைஸ் பொடி போட்ட குடுவையில் அமிலம் விழுந்ததும் நுரை பொங்கியது. இருபது வினாடியில் காகிதம் கறுப்பு. ஐந்து மணி நேரம் அரைத்ததில் முப்பத்தெட்டையும்விடச் சின்னத் தூசியும் அதில் ஏராளமாகச் சேர்ந்திருந்தது.

மறுபடியும் செய்தாள். இருபத்திரண்டு வினாடி. மூன்றாவது தடவை பத்தொன்பது. வெளிவந்த வாயுவை இன்னொரு பாட்டிலில் பிடித்து அளந்து, தொட்டியின் கொள்ளளவையும் ஷெட்டின் நீள அகலத்தையும் போட்டுக் கணக்குப் பார்த்தாள். இந்த வாயு காற்றைவிடக் கனம். கூரைக்குப் பக்கத்தில் இருந்த மின்விசிறிக்கு எட்டாமல் கீழேயே தேங்கியிருக்கும். பழைய பொடியாக இருந்திருந்தால், முதல் நாற்றத்துக்கும் ஆளைச் சாய்க்கும் அளவுக்கும் நடுவில் கிட்டத்தட்ட பதினோரு நிமிஷம். உத்தமன் உள்ளே போய் வால்வை மூடிவிட்டு வந்து லாயிட்டிடம் குறைப்பட்டுக்கொண்டிருப்பார். புதிய பொடியில் ஒன்றே முக்கால் நிமிஷம்.

இரண்டு வருஷமாக அவள் துரத்திய வேகம் அதுதான்.

அவள் கூண்டின் கதவை இறக்கிவிட்டுக் கையுறையைக் கழற்றினாள். லாயிட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்படியே நின்றிருந்தான். வெளியே வந்து எண்ணைச் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் அப்பவே கையைப் பிடிச்சி இழுத்திருக்கலாம் மேடம். வாசல்லதான் நின்னாரு."

"உங்களுக்குத் தெரியாது லாயிட். எனக்குத் தெரியும்."

புதன்கிழமை வந்த ஆய்வாளர் ஒரு பெண். கன்னடத்தில் பேசினார், பவுலினும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். அவள் கையெழுத்துப் போடுவதற்காக சீனிவாசராகவன் தானே தயார் செய்து வைத்திருந்த இரண்டு பக்க அறிக்கை மேஜையில் இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு அவள் தானாக எழுதி வந்த ஆறு பக்கத்தைக் கொடுத்தாள். சோதிக்காமல் போட்ட கையெழுத்து, அதைத் தள்ளிப்போடச் சொன்னது யார் என்பது, எச்சரிக்கைக் கருவி இல்லாதது, ஒன்பது நாற்பத்திரண்டுக்கு வந்த போன், அதில் உத்தமன் கேட்டது, அவள் சொன்னது. கடைசிப் பக்கத்தில் இரண்டு பொடிகளின் கணக்கு.

ஆய்வாளர் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "இதில் உங்களுக்கு எதிராக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வக்கீலிடம் கேட்டீர்களா?"

"இல்லை."

"கேட்டுவிட்டு நாளைக்குத் தரலாம். நான் காத்திருக்கிறேன்."

"வேண்டாம்," என்றாள் பவுலின். பேனாவை எடுத்து ஆறு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். சீனிவாசராகவன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மாலை அவளை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லும் கடிதம் வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஜெயலட்சுமி ஆனேக்கல் திரும்பிவிட்டாள் என்று லாயிட் சொன்னான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பவுலின் தனியாகப் போனாள். தியோடர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டாள்.

முதல் மாடியில் ஒரே அறையும் சமையலறையும். ஜெயலட்சுமி கார்மெண்ட்ஸில் தைக்கிறவள். வேலைக்குத் திரும்பிவிட்டிருந்தாள், அன்றைக்கு அரை நாள். தாரணி டியூஷனுக்குப் போயிருந்தாள். ஜெயலட்சுமி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "காபி வைக்கட்டுங்களா மேடம்?" என்றாள்.

"வேண்டாம் ஜெயலட்சுமி. உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

ஜெயலட்சுமி தரையில் உட்கார்ந்தாள். பவுலினும் நாற்காலியை விட்டு இறங்கி எதிரில் உட்கார்ந்தாள்.

"போலீஸ்காரங்க அவரு போனைத் திருப்பிக் குடுத்தாங்க," என்றாள் ஜெயலட்சுமி. "கடைசியா உங்களுக்குத்தான் அடிச்சிருக்காரு. நானே கேக்கணும்னு இருந்தேன். என்ன பேசினாரு?"

பவுலின் சொன்னாள். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. தண்ணீர் பச்சையாக இருக்கிறது என்று அவர் சொன்னதையும், வந்து பார்க்கச் சொன்னதையும், சூடேறினால் நிறம் வந்துவிடும் என்று தான் வாய்க்கு வந்ததைச் சொன்னதையும். அந்த உப்பு எது, அது என்ன செய்யும் என்பதையும் முடிந்தவரை எளிமையாகச் சொன்னாள்.

ஜெயலட்சுமி தன் கால்விரலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீங்க எழுந்து போயிருந்தா?"

"பார்த்த உடனே தெரிஞ்சிருக்கும். நிறுத்தியிருப்பேன்."

"எவ்ளோ தூரம் அங்கிருந்து?"

"மூணு நிமிஷம் நடக்கணும்."

கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரன் கன்னடத்தில் கூவிக்கொண்டு போனான்.

"வலிச்சிருக்குமா அவருக்கு?"

"இல்லை. ரெண்டு மூச்சு. தெரிஞ்சிருக்காது." இது உண்மைதான் என்று பவுலின் நம்பினாள். நம்ப விரும்பினாள்.

"அந்தப் பவுடரு, நைஸா அரைச்சது, அது அவரு சொன்னதுதானே? வீட்டுல வந்து சொன்னாரு. அவ்ளோ சந்தோஷம். 'மேடம் ஒருத்தருதான் நம்ம பேச்சைக் காது குடுத்துக் கேப்பாங்க'ன்னாரு."

பவுலின் வாய்க்குள் கையை வைத்துக் கடித்துக்கொண்டாள். ஜெயலட்சுமி அவளைத் தேற்ற வரவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து சமையலறைப் பக்கம் போய், திரும்பி வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"தாரணி வர நேரம். அவகிட்ட இப்ப சொல்ல வேணாம். நான் சொல்லிக்கறேன், எப்ப முடியுதோ அப்ப. நீங்க போங்க மேடம். இனிமே வராதீங்க."

"சரி."

"உண்மையைச் சொன்னீங்க. அதுக்காக உங்களை நல்லவங்கன்னு நெனைக்க முடியல என்னால."

"நினைக்க வேணாம்," என்றாள் பவுலின்.

பஸ் நிலையத்தில் நிற்கும்போது ஓசூர் பஸ் ஒன்று வந்து, கண்டக்டர் கைகாட்டிக் கூப்பிட்டார். அவள் போக வேண்டியது எதிர்த்திசை. ஆனாலும் ஏறப்போய்ப் படியில் கால் வைத்துவிட்டு இறங்கினாள். எங்கே போவதென்று ஒரு நிமிஷம் அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

ஷெட்டுக்குச் சீல் வைத்தார்கள். ஆய்வகம் மூடப்படவில்லை. சுரங்கக் கம்பெனி அந்தக் கல்லை வேறு ஊரில் வேறொருவரிடம் கொடுத்தது. அங்கேயும் முப்பத்தெட்டு மைக்ரானுக்குத்தான் அரைக்கிறார்கள் என்று லாயிட் கேள்விப்பட்டுச் சொன்னான். லாயிட் இப்போது வேறு இடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கிறான். ரசாயனம் இருக்கும் எந்த இடத்துக்கும் போக மாட்டேன் என்கிறான்.

வழக்கில் சீனிவாசராகவன், உப்பு அனுப்பியவர், பவுலின் மூவர் பெயரும் இருக்கின்றன. முதல் விசாரணைக்கு ஆனேக்கல் கோர்ட்டுக்கு அவள் தியோடரோடு போனாள். தாழ்வாரத்தில் ஜெயலட்சுமி, பள்ளிச் சீருடையில் இருந்த தாரணியோடு உட்கார்ந்திருந்தாள். பவுலினைப் பார்த்ததும் தாரணி அம்மாவிடம் எதையோ கேட்டாள். ஜெயலட்சுமி மெதுவாகப் பதில் சொன்னாள். அந்தப் பெண் தலையைத் தூக்கி பவுலினை நேராகப் பார்த்தாள். பவுலின் பார்வையை எடுக்கவில்லை. பன்னிரண்டரைக்குப் பெயர்களைக் கூப்பிட்டார்கள். நீதிபதி விடுப்பில் இருப்பதாகச் சொல்லி மார்ச் பதினெட்டுக்குத் தள்ளிவைத்தார்கள்.